வயர்லெஸ் மாடியூல் பதிலே தரலையா? சீரியல் தகராறை எங்கேர்ந்து தேடணும்

ஆர்டுவினோல எல்ஈடி மினுக்கியாச்சு, சென்சார் ரீடிங்கும் எடுத்தாச்சுன்னா அடுத்து வர்ற ஆசை பெரும்பாலும் இதுதான், வயர் இல்லாம டேட்டா அனுப்பணும். ஒரு ப்ளூடூத் மாடியூலோ வைஃபை மாடியூலோ வாங்கி, நாலு வயர் மாட்டி, கிடைச்ச கோடை ஏத்தி, சீரியல் மானிட்டரைத் திறந்து பார்த்தா ஒண்ணுமே வராது, இல்லன்னா தலைகீழ் கேள்விக்குறியும் கட்டம் கட்டமாவும் ஏதோ ஓடும். அந்த நேரத்துல நிறைய பேர் வயரை மாத்துவாங்க, கூடவே பாட் ரேட்டையும், அதாவது டேட்டா ஓடற வேகத்தையும் மாத்துவாங்க, லைப்ரரியையும் மாத்துவாங்க, எல்லாம் ஒரே மூச்சுல, அப்புறம் எது சரியா இருந்துச்சு எது தப்பா இருந்துச்சுன்னு பிரிக்கவே முடியாம போயிடும்.

நான் இங்க சொல்ல வர்றது ஒரே விஷயம்தான். சீரியல்னா பிட்டுகளை ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஒரே வயர்ல அனுப்பற முறை, அதுல வர்ற தகராறு வெளியில மூணு விதமா தெரியும்: சுத்தமா அமைதி, குப்பை எழுத்து, பாதி பாதியா வர்ற மெசேஜ். இந்த மூணும் மூணு வேற இடத்தைக் கைகாட்டுது. அமைதின்னா பெரும்பாலும் கரண்ட், வயர், மோட் (மாடியூல் எந்த நிலைல இருக்குங்கறது). குப்பைன்னா வேகம் இல்லன்னா வோல்டேஜ். பாதி மெசேஜ்னா அனேகமா உங்க கோடு. இது மனசுல இருந்தா கண்ணைக் கட்டிட்டு தேட வேண்டிய அவசியமே இல்ல.

ஒரு சின்ன விஷயம் மொதல்ல. எல்லா வயர்லெஸ் மாடியூலும் சீரியல் இல்ல. ஹெச்சி-05, ஹெச்சி-06 ப்ளூடூத், ஹெச்எம்-10, ஹெச்சி-12, ஈஎஸ்பி-01 வைஃபை, எக்ஸ்பீ இதெல்லாம் வாங்கறதுக்கு ஆர்எக்ஸ், அனுப்பறதுக்கு டிஎக்ஸ்னு ரெண்டு பின்னோட வர்ற சீரியல் ஆளுங்க. என்ஆர்எஃப்24எல்01 அப்படி இல்ல, அது எஸ்பிஐங்கற, கிளாக்குக்குத் தனி வயர் இருக்கற வேற முறை, அதுல பாட் ரேட்னு ஒண்ணே கிடையாது, அதனால கீழ சொல்றதுல பாதி அதுக்குப் பொருந்தாது.

உள்ள என்ன நடக்குது

இந்த மாடியூலுங்க பேசற சீரியல் வகைக்குப் பேர் யூஆர்ட், அதுல கிளாக்குக்குன்னு தனி வயர் கிடையாது. அனுப்புறவர் தன் கடிகாரத்தைப் பார்த்து பிட்டுகளை வரிசையா விடுறார், வாங்குறவர் தன் கடிகாரத்தைப் பார்த்து எண்ணி எடுத்துக்குறார், ரெண்டு பேரும் ஒரே தாளத்தை முன்கூட்டியே பேசி வெச்சுக்கிட்டாத்தான் பாட்டு சேரும், அந்த தாளத்தோட வேகம்தான் பாட் ரேட். 9600ன்னா ஒரு பிட் சுமார் 104 மைக்ரோசெகண்ட் நிக்கும், 115200ன்னா வெறும் 8.7 மைக்ரோசெகண்ட்.

லைன் சும்மா இருக்கும்போது ஹையில இருக்கும், அதாவது 5 வோல்ட் போர்டுன்னா 5, 3.3 வோல்ட் போர்டுன்னா 3.3. ஒரு எழுத்து அனுப்பணும்னா மொதல்ல லைனை கீழ இழுக்கும், அது ஸ்டார்ட் பிட், அதுக்கப்புறம் எட்டு டேட்டா பிட், சின்ன பிட்டுலேர்ந்து ஆரம்பிச்சு, கடைசில மறுபடி ஹைக்குப் போற ஸ்டாப் பிட். ஆக ஒரு எழுத்துக்கு பத்து பிட், 9600ல செகண்டுக்கு அதிகபட்சம் 960 எழுத்து. இந்தக் கணக்கு கடைசில உதவும்.

சும்மா இருக்கும்போது லைன் ஹையில இருக்கும்னு சொன்னேன் பாருங்க, இது ஒரு அருமையான டெஸ்ட். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டுல வெச்சு, மாடியூலோட டிஎக்ஸ் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல அளந்து பாருங்க. 3.3 கிட்ட காட்டுச்சுன்னா மாடியூல் உயிரோட இருக்கு, அந்தப் பின்னும் பெரும்பாலும் டிஎக்ஸ்தான். பூஜ்யம் காட்டுச்சுன்னா கரண்ட் போகல, இல்லன்னா நீங்க பிடிச்சிருக்கறது வேற பின். இதுக்கு ஆசிலோஸ்கோப் எல்லாம் தேவையே இல்ல, ஒரு சாதா மீட்டர் போதும்.

பாதியா வெட்டிப் பாருங்க

உங்ககிட்ட இருக்கறது ஒரு சங்கிலி. கம்ப்யூட்டர், அங்கேர்ந்து யூஎஸ்பி, ஆர்டுவினோ, அதுல ஓடுற கோடு, வயர், மாடியூல், காத்து, அந்தப் பக்கம் இன்னொரு மாடியூலோ ஃபோனோ, அதுல ஒரு ஆப். இத்தனையும் ஒண்ணா மாட்டி வெச்சுட்டு எங்க தப்புன்னு கேட்டா யாராலயும் சொல்ல முடியாது. நடுவுல வெட்டி ஒவ்வொரு பாதியையும் தனியா ஓட்டிப் பார்க்கணும்.

இதுக்கு ஒரு யூஎஸ்பி டிடிஎல் கன்வர்ட்டர் (கம்ப்யூட்டரோட யூஎஸ்பியை ஆர்எக்ஸ் டிஎக்ஸ் பின்னா மாத்தித் தர்ற குட்டி போர்டு) கையில இருந்தா வேலை ரொம்ப சுலபம், சிபி2102, சிஹெச்340, எஃப்டி232 எந்த சிப் இருந்தாலும் சரி, 3.3 வோல்ட் லெவல் தர்றதா பார்த்துக்கோங்க. மொதல்ல அந்தக் கன்வர்ட்டரையே சோதிங்க, அதோட டிஎக்ஸையும் ஆர்எக்ஸையும் ஒரு வயரால இணைச்சுட்டு சீரியல் மானிட்டர்ல ஏதாவது டைப் பண்ணி அனுப்புங்க, அனுப்பினது அப்படியே திரும்பி வரணும். வந்துச்சுன்னா டிரைவர், போர்ட், கேபிள் எல்லாம் சரி. வரலன்னா மாடியூலைத் தொடவே தேவையில்ல, பிரச்சனை இங்கேயே இருக்கு. சார்ஜ் மட்டும் ஏத்துற, டேட்டா வயர் இல்லாத யூஎஸ்பி கேபிள் இந்த இடத்துல நிறைய பேரை சுத்த விட்டிருக்கு.

அப்புறம் ஆர்டுவினோவை ஓரமா வெச்சுட்டு மாடியூலை நேரா கன்வர்ட்டர்ல மாட்டி ஏடின்னு ஆங்கிலப் பெரிய எழுத்துல அடிங்க, மாடியூல் கேக்குதான்னு பார்க்கற கமாண்ட் அது. ஓகேன்னு பதில் வந்துச்சுன்னா மாடியூல் நல்லா இருக்கு, இனிமே பார்க்க வேண்டியது ஆர்டுவினோ பக்கம் மட்டும்தான். (இந்த ஏடி கமாண்ட் பழக்கம் 1981ல வந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம்லேர்ந்து தொடருது, டெலிஃபோன் லைன் மோடத்துக்கு வெச்ச முறை இன்னைக்கும் வைஃபை சிப்புல ஓடுது, எனக்கு இது எப்பவுமே ஆச்சரியமா இருக்கும்.)

கன்வர்ட்டர் இல்லன்னா ஆர்டுவினோ ஊனோ போர்டையே கன்வர்ட்டரா ஆக்கலாம். ரீசெட் பின்னை கிரவுண்டோட இணைச்சா நடுவுல இருக்கற ஏடிமெகா328பிங்கற மெயின் சிப் தூங்கிடும், போர்டுல இருக்கற யூஎஸ்பி சிப் மட்டும் வேலை செய்யும். இப்போ மட்டும் குறுக்கா மாட்டக் கூடாது, மாடியூலோட டிஎக்ஸ் ஊனோவோட டிஎக்ஸ்க்கு, அதாவது பின் 1க்கு, மாடியூலோட ஆர்எக்ஸ் பின் 0க்கு, ஏன்னா அந்தப் பேருங்க ஏடிமெகாவோட பார்வையில வெச்சது, நாம இப்போ பேசறது அதுக்கு எதிர்ப்பக்கம் இருக்கற சிப்போட. அசல் ஊனோ ஆர்3ல அந்தப் பாதையில ஏற்கனவே ஒரு 1கே ரெசிஸ்டர் இருக்கு, அதனால மாடியூலோட ஆர்எக்ஸ்லேர்ந்து கிரவுண்டுக்கு ஒரு 2கே மட்டும் போட்டாலே 5 வோல்ட் 3.3 ஆகிடும்.

ஆர்டுவினோ பக்கத்தைத் தனியா பார்க்கறதுக்கு இதே மாதிரி காத்தையே எடுத்துடுங்க. ரெண்டு ஆர்டுவினோ ரெண்டு ஹெச்சி-12 வெச்சுப் பேசணும்னா, மொதல்ல ரேடியோவைக் கழட்டிட்டு ரெண்டு போர்டையும் மூணே வயரால நேரா இணைங்க, டிஎக்ஸ் ஆர்எக்ஸ் குறுக்கா, கிரவுண்ட் நேரா. ரெண்டும் ஒரே வோல்டேஜ் போர்டுன்னா ரெசிஸ்டர் எதுவும் வேணாம். வயர்ல ஓடாத கோடு காத்துல கண்டிப்பா ஓடாது. வயர்ல ஓடுதுன்னா கோடு சரி, ரேடியோ செட்டிங் மட்டும்தான் பாக்கி.

ஒண்ணுமே வரலன்னா

அமைதியா இருந்தா மொதல்ல கரண்ட். மாடியூல்ல எல்ஈடி எரியுதுங்கறதை மட்டும் வெச்சு கரண்ட் சரியா இருக்குன்னு சொல்லிட முடியாது, மாடியூலோட பின்லயே வோல்டேஜ் அளந்து பாருங்க, பிரெட்போர்டுல ஒரு வரி தள்ளி மாட்டியிருந்தா அங்கேயே தெரிஞ்சிடும். சில நீளமான பிரெட்போர்டுல ஓரத்துல இருக்கற சிவப்பு நீலக் கோடு நடுவுல விட்டுப் போயிருக்கும், ஒரு பக்கம் கரண்ட் கொடுத்தா இன்னொரு பக்கம் வராது.

ஈஎஸ்பி-01க்கு கரண்ட்தான் தலையாய பிரச்சனை. அது 3.3 வோல்ட் மட்டும்தான் தாங்கும், ஆனா வைஃபைல பேசும்போது ஒரு நொடிக்குள்ள 300 மில்லிஆம்புக்கு மேலயும் இழுக்கும். ஊனோல இருக்கற 3.3 வோல்ட் பின் அதிகாரப்பூர்வமா தர்றது 50 மில்லிஆம்ப்தான். அதனால எல்ஈடி எரியும், சில நேரம் ஏடிக்கு ஓகேகூட வரும், வைஃபைல கனெக்ட் ஆகச் சொன்ன உடனே செத்துடும் இல்லன்னா தன்னால ரீஸ்டார்ட் ஆகும். நிறைய பேர் இதை கோடு பிரச்சனைன்னு நினைச்சு மணிக்கணக்கா கோடைத் திருத்திட்டு இருக்காங்க, அதைப் பார்த்தா மனசு கஷ்டமா இருக்கும், ஏன்னா தேவை ஒரு தனி 3.3 வோல்ட் ரெகுலேட்டர்தான், 5 வோல்ட்டுலேர்ந்து ஏஎம்எஸ்1117 ஒண்ணு போதும், மாடியூல் கிட்டயே 100லேர்ந்து 470 மைக்ரோஃபாரட் வரைக்கும் ஒரு கெபாசிட்டர். அதோட சிஹெச்-பிடின்னு போட்டிருக்கற பின்னை, சிலதுல ஈஎன்னு இருக்கும், 3.3ல இழுத்து வெக்கணும், அது சும்மா தொங்கினா சிப் எந்திரிக்காது. ஜிபிஐஓ0 பின் ஸ்டார்ட் ஆகும்போது கிரவுண்டுல இருந்தா சிப் புரோகிராம் ஏத்துற மோடுக்குப் போயிடும், அப்பவும் ஏடிக்கு பதில் வராது.

அடுத்து குறுக்கு வயர். டிஎக்ஸ் அனுப்புறது, ஆர்எக்ஸ் வாங்குறது, அதனால இவரோட டிஎக்ஸ் அவரோட ஆர்எக்ஸ்க்குப் போகணும். இதைத் தெரிஞ்சவங்ககூட சாஃப்ட்வேர்சீரியல்ல விழறாங்க, சாதா பின்னையே கோடு மூலமா சீரியலா ஆக்கற லைப்ரரி அது, அந்த லைப்ரரில ரெண்டு பின் நம்பர் கொடுக்கும்போது மொதல் நம்பர் ஆர்டுவினோவோட ஆர்எக்ஸ், ரெண்டாவது டிஎக்ஸ். 10, 11னு கொடுத்தா மாடியூலோட டிஎக்ஸ் 10க்கு வரணும். சந்தேகமா இருந்தா மாத்தி மாட்டிப் பாருங்க, தப்பா இருந்தாலும் பெரும்பாலும் எதுவும் எரியாது, வோல்டேஜ் லெவல் ஒண்ணா இருக்கற வரைக்கும்.

போர்டைப் பொறுத்தும் மாறும். ஊனோல ஒரே ஒரு நிஜ சீரியல்தான், பின் 0, 1, அதையேதான் யூஎஸ்பியும் பயன்படுத்துது. மாடியூலை அங்க மாட்டிட்டு கோடு ஏத்தப் பார்த்தா நாட் இன் சிங்க்னு எரர் வரும், ஏன்னா யூஎஸ்பி சிப் 1கே ரெசிஸ்டர் வழியா பேசறார், மாடியூல் நேரா பேசறார், மாடியூலோட குரல்தான் ஜெயிக்கும். ஏத்தும்போது பின் 0 வயரைக் கழட்டிடுங்க. மெகால நாலு நிஜ சீரியல் இருக்கு, அங்க சாஃப்ட்வேர்சீரியலே வேணாம், சீரியல்1 எடுத்துக்கோங்க. அப்படியும் சாஃப்ட்வேர்சீரியல்தான்னா மெகால எல்லாப் பின்லயும் ஆர்எக்ஸ் வேலை செய்யாது, 2, 3ன்னு ஊனோ கோடை அப்படியே எடுத்து ஓட்டினா அனுப்பும் ஆனா எதையும் வாங்காது. லியனார்டோல சீரியல்ங்கறது யூஎஸ்பி, பின் 0, 1க்குப் பேர் சீரியல்1.

கிரவுண்ட். ரெண்டு போர்டுக்கும் வேற வேற பவர் கொடுத்திருந்தா கண்டிப்பா கிரவுண்டு ரெண்டையும் இணைக்கணும். 3.3ன்னா எதுலேர்ந்து 3.3? அந்த எது தான் கிரவுண்ட். இது இல்லாம சில நேரம் ஓடும் சில நேரம் ஓடாது, கைய வெச்சா ஓடும், எடுத்தா நின்னுடும், அந்த மாதிரி அறிகுறி கண்டா நேரா கிரவுண்டைப் பாருங்க.

கரண்டும் வயரும் சரின்னா மோட். ஹெச்சி-05ல இது ரொம்ப குழப்பும். சாதாரணமா ஆன் பண்ணா அது டேட்டா மோட், எல்ஈடி வேகமா மினுக்கும், நீங்க அடிக்கற ஏடி அதுக்கு வெறும் டேட்டா, ஃபோன் இணைஞ்சிருந்தா ஃபோனுக்குப் போகும், பதில் வராது. அதுல இருக்கற குட்டி பட்டனை அமுக்கிட்டே பவர் கொடுக்கணும், அப்போ எல்ஈடி ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை நிதானமா மினுக்கும், அதுதான் ஏடி மோட், அப்போ வேகம் 38400. டேட்டா மோடுல பெரும்பாலும் 9600. ஒரே மாடியூலுக்கு ரெண்டு வேகம்ங்கறது புதுசா வர்றவங்களுக்குத் தெரியாது, தப்பும் அவங்களோடது இல்ல, பல இடத்துல இதைச் சொல்றதே இல்ல. ஹெச்சி-06க்கு பட்டன் கிடையாது, யாரோடயும் இணையாம இருக்கும்போது ஏடிக்கு பதில் சொல்லும். ஹெச்சி-12க்கு செட் பின்னை கிரவுண்டோட இணைச்சாத்தான் ஏடி. எக்ஸ்பீக்கு ஒரு செகண்ட் சும்மா இருந்துட்டு மூணு பிளஸ் குறி அடிச்சு, எண்டர் தட்டாம, மறுபடி ஒரு செகண்ட் சும்மா இருக்கணும்.

எண்டர்னு சொன்ன உடனே லைன் எண்டிங் பத்தி சொல்லிடணும், சீரியல் மானிட்டர்ல ஒரு சின்ன மெனு இருக்கும், வரி முடிவுல என்ன சேர்க்கணும்னு. ஈஎஸ்பிக்கும் ஹெச்சி-05க்கும் நியூலைன், கேரேஜ் ரிட்டர்ன் ரெண்டும் சேர்த்து அனுப்பணும், இல்லன்னா கமாண்ட் இன்னும் முடியலன்னு அது காத்துட்டே இருக்கும். பழைய ஹெச்சி-06க்கு அதுக்கு நேர் எதிர், எதுவுமே சேர்க்கக் கூடாது. வேற எதையும் மாத்தறதுக்கு முன்னாடி இந்த மெனுவை மாத்திப் பாருங்க, ஒரு கிளிக் தானே.

ஐஃபோன்ல ஹெச்சி-05 இணையவே மாட்டேங்குதுன்னா அதுல தேட ஒண்ணும் இல்ல. ஹெச்சி-05 பழைய கிளாசிக் ப்ளூடூத் சீரியல், ஐஃபோன் ஆப்ஸ் அதோட பேசாது, பிஎல்ஈங்கற குறைஞ்ச பவர் ப்ளூடூத் வகையான ஹெச்எம்-10 மாதிரி ஒண்ணு வேணும்.

குப்பை எழுத்து வந்தா சந்தோஷப்படுங்க

நிஜமாவே நல்ல செய்திதான் அது. கரண்ட் போகுது, வயர் சரியான பின்ல இருக்கு, மாடியூல் பேசுது, நமக்குப் புரியல, அவ்வளவுதான். பெரும்பாலும் வேகம் ஒத்துப் போகல.

இது வேகப் பிரச்சனையா எலக்ட்ரிக்கல் பிரச்சனையான்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்ச வழி. அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரே எழுத்தை நிறுத்தி நிறுத்தி, செகண்டுக்கு ஒண்ணா அனுப்ப வைங்க. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி குப்பை வந்துச்சுன்னா வேகம் தப்பு, ஏன்னா அதே பிட்டுகளை அதே தப்பான இடத்துல எண்ணிட்டு இருக்கோம். ஒவ்வொரு தடவையும் வேற வேற குப்பைன்னா, இல்ல அஞ்சு சரியா வந்து ஒண்ணு கெட்டுதுன்னா, வயர், கிரவுண்ட், வோல்டேஜ், இல்லன்னா சாஃப்ட்வேர்சீரியல். அனுப்புறதுக்கு ஆங்கிலப் பெரிய யூ எழுத்து நல்லது, அதோட பிட்டுங்க ஒண்ணு விட்டு ஒண்ணு மாறி மாறி வரும், ஸ்டார்ட் ஸ்டாப்போட சேர்த்து சீரான சதுர அலையா தெரியும், லாஜிக் அனலைசர் (பின் ஹை லோன்னு மாறறதை நேரத்தோட காட்டற கருவி) இருந்தா அதுல ஒரு பிட்டோட அகலத்தை அளந்து நேரா வேகத்தைக் கண்டுபிடிச்சிடலாம், 104 மைக்ரோசெகண்ட்னா 9600, அதுல பாதி 52ன்னா 19200.

அளக்க எதுவும் இல்லன்னா 9600, 38400, 57600, 115200ன்னு வரிசையா முயற்சி பண்ணுங்க. அடிக்கடி புழங்கற வேகங்க இவ்வளவுதான்.

மூணு எடத்துல வேகத்தை மாத்தணும்ங்கறதும் குழப்பும். கோடுல சீரியல்னு ஒண்ணு, மாடியூலுக்கான சாஃப்ட்வேர்சீரியல்னு ஒண்ணு, சீரியல் மானிட்டர்ல ஒண்ணு. மானிட்டரோட வேகம் கோடுல இருக்கற சீரியலோட ஒத்துப் போகணும், மாடியூலோட வேகம் சாஃப்ட்வேர்சீரியலோட ஒத்துப் போகணும், இந்த ரெண்டு ஜோடியும் ஒண்ணுக்கொண்ணு சமமா இருக்கணும்னு அவசியமே இல்ல.

ஈஎஸ்பி8266 ஆன் ஆகும்போது மொதல்ல கொஞ்சம் குப்பை வந்து அப்புறம் ரெடின்னு சுத்தமா வந்தா பதறாதீங்க, அது ஸ்டார்ட் ஆகற மெசேஜை 74880ங்கற விசித்திரமான வேகத்துல சொல்லும், அதுக்கப்புறம்தான் வழக்கமான வேகத்துக்கு வரும். அது பழுது இல்ல.

ஆனா 115200ல ஊனோவோட சாஃப்ட்வேர்சீரியல் வெச்சுப் படிக்கறது நிஜமாவே தகராறு. 16 மெகாஹெர்ட்ஸ் சிப்புக்கு ஒரு பிட்டுக்கு கிடைக்கறது 139 கிளாக்தான், அதுக்குள்ள பின்னைப் பார்த்து எண்ணி வெக்கணும், நடுவுல சிப்பை வேற வேலைக்கு இழுக்கற இன்டரப்ட் எதாவது வந்தா ஒரு பிட் தள்ளிப் போயிடும். புது ஈஎஸ்பி-01 பெரும்பாலும் 115200ல வரும், அதனால அதை 9600க்கு இறக்கிடுங்க, ஏடி பிளஸ் யூஆர்ட் அண்டர்ஸ்கோர் டெஃப், சமக்குறி, 9600,8,1,0,0ன்னு ஒரு கமாண்ட், அது ஃபிளாஷ்ல பதிஞ்சிடும், பவர் போனாலும் மாறாது. யூஎஸ்பி கன்வர்ட்டர் வழியா இதைச் செஞ்சுட்டு அப்புறம் ஊனோல மாட்டறது உத்தமம்.

நிஜ சீரியல்லயும் 115200ல ஊனோ துல்லியமா இருக்காது. 16 மெகாஹெர்ட்ஸை முழு எண்ணால வகுத்தாத்தான் வேகம் வரும், அப்படி வகுத்தா 115200க்குப் பதிலா 117647 வருது, 2.1% தப்பு. 9600ல 0.2% தான். இந்த 2% வழக்கமா ஓடிடும், அந்தப் பக்கமும் கொஞ்சம் தப்பி, அதுவும் எதிர்த் திசைல தப்பினா, எட்டாவது பிட் வர்றதுக்குள்ள தாளம் விட்டுப் போகும். அதனால வேகம் தேவை இல்லாத இடத்துல நான் எப்பவும் 9600தான் சொல்லுவேன்.

இன்னொண்ணு, புரோ மினில 3.3 வோல்ட் 8 மெகாஹெர்ட்ஸ் வகை இருக்கு. ஐடிஈல தெரியாம 16 மெகாஹெர்ட்ஸ்னு தேர்ந்தெடுத்து கோடு ஏத்தினா நீங்க 9600ன்னு எழுதினது நிஜத்துல 4800ல ஓடும். மானிட்டரை 4800க்கு மாத்தி சுத்தமா வந்துச்சுன்னா காரணம் இதுதான், எல்ஈடி மினுக்கறதும் பாதி வேகத்துல இருக்கும்.

வோல்டேஜ் லெவல் பத்தி. ஹெச்சி-05 போர்டு பவருக்கு 5 வோல்ட் வாங்கிக்கும், ஏன்னா அதுல ரெகுலேட்டர் இருக்கு, ஆனா அதோட ஆர்எக்ஸ் பின் 3.3 வோல்ட் ஆளு. ஊனோவோட டிஎக்ஸ்லேர்ந்து 1கே, அங்கேர்ந்து கிரவுண்டுக்கு 2கே, நடுவுல இருக்கற புள்ளியை மாடியூல் ஆர்எக்ஸ்க்கு. 5ஐ மூணு பங்காக்கி ரெண்டு பங்கு எடுத்தா 3.33. எதிர்த் திசைல ரெசிஸ்டர் வேணாம், 3.3ஐ ஊனோ ஹைன்னு சரியாவே எடுத்துக்கும். 5 வோல்ட் நேரா கொடுத்தும் பல மாடியூல் ஓடுதே, எதுக்கு இதுன்னு கேப்பாங்க, ஓடும், ஆனா அந்தப் பின் எவ்வளவு நாள் தாங்கும்னு யாரும் உறுதி தர முடியாது, ரெண்டு ரெசிஸ்டர் போடறதுல என்ன கஷ்டம். பழைய கம்ப்யூட்டர் பின்னாடி இருக்கற ஒன்பது பின் ஆர்எஸ்232 போர்ட்டை மட்டும் நேரா மாட்டவே மாட்டாதீங்க, அதுல 12 வோல்ட், மைனஸ் 12 வோல்ட் வரைக்கும் வரலாம், லாஜிக்கும் தலைகீழ், நடுவுல மேக்ஸ்3232 மாதிரி ஒரு சிப் கட்டாயம்.

பாதி மெசேஜ்

எழுத்து சுத்தமா வருது, ஆனா ஹலோன்னு அனுப்பினா ஹெ ஒரு தடவை, லோ அடுத்த தடவைன்னு வருது, இல்ல நீளமான மெசேஜோட வால் காணோம். ஹார்டுவேர் சரி. இனிமே வயரைத் தொடாதீங்க, கோடைப் பாருங்க.

மொதல் காரணம், அவைலபிள் ஃபங்ஷன் பூஜ்யத்துக்கு மேல சொன்னா முழு மெசேஜும் வந்தாச்சுன்னு நினைக்கறது. அது சொல்றது குறைஞ்சது ஒரு எழுத்து வந்திருக்குன்னு மட்டும்தான். 9600ல ஒரு எழுத்துக்கு ஒரு மில்லிசெகண்டுக்கு மேல ஆகும், உங்க லூப் அதுக்குள்ள பல தடவை சுத்திடும். ரேடியோ நடுவுல இருந்தா இன்னும் மோசம், பிஎல்ஈ மாடியூல்ல நீளமான மெசேஜ் 20 எழுத்து 20 எழுத்தா உடைஞ்சு, நடுவுல இடைவெளி விட்டு வரும். அதனால மெசேஜ் எங்க முடியுதுன்னு நீங்களே ஒரு குறி வெக்கணும், நியூலைன் போதும். வர்ற ஒவ்வொரு எழுத்தையும் ஒரு கேரக்டர் அரேல சேர்த்துட்டே போங்க, நியூலைன் வந்த அப்புறம்தான் அந்த மெசேஜைத் திறந்து பாருங்க, பார்த்துட்டு அரேயை மறுபடி பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிங்க, அரே நிறைஞ்சுட்டா மேற்கொண்டு எழுதாம நிறுத்தறதுக்கு ஒரு செக் போடுங்க. சீரியல்ல கத்துக்க வேண்டிய ஒரே புரோகிராமிங் பழக்கம் எதுன்னு கேட்டா நான் இதைத்தான் சொல்லுவேன்.

ரெண்டாவது, டிலே. வந்த எழுத்தை நம்ம கோடு படிக்கற வரைக்கும் வெச்சிருக்கற ஊனோவோட வாங்கும் பஃபர் 64 பைட். 9600ல 64 எழுத்து வர்றதுக்கு 67 மில்லிசெகண்ட் போதும். கோடுல டிலே 1000ன்னு போட்டு வெச்சிருந்தா அந்த ஒரு செகண்டுல 960 எழுத்து வரைக்கும் வரலாம், 64க்கு அப்புறம் வந்ததெல்லாம் எரர் எதுவும் காட்டாம காணாம போகும். டிலேயை எடுத்துட்டு மில்லிஸ் ஃபங்ஷன்ல நேரத்தைப் பார்த்து நடக்கற மாதிரி எழுதுங்க. சாஃப்ட்வேர்சீரியல்லயும் பஃபர் 64தான், அதோட அது ஒரே நேரத்துல அனுப்பவும் வாங்கவும் செய்யாது, ரெண்டு சாஃப்ட்வேர்சீரியல் வெச்சிருந்தா ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் கேட்கும், ஜிபிஎஸ் ஒண்ணு ப்ளூடூத் ஒண்ணுன்னு மாட்டி ரெண்டும் சேர்ந்து ஓடலன்னா இதுதான்.

நம்பர் அனுப்பும்போது பிரிண்டுக்கும் ரைட்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியணும். பிரிண்ட் 65ன்னா ஆறு, அஞ்சுன்னு ரெண்டு எழுத்து போகும். ரைட் 65ன்னா ஒரே பைட் போகும், மானிட்டர்ல அது ஆங்கில ஏ எழுத்தா தெரியும். அனுப்புறவர் பிரிண்ட், வாங்குறவர் பைட்டுன்னு நினைச்சா 65க்குப் பதிலா 54ம் 53ம் கிடைக்கும். பார்ஸ்இன்ட் வெச்சு நம்பர் எடுக்கறவங்களுக்கு சரியான நம்பருக்கு அப்புறம் ஒரு பூஜ்யம் வந்தா, பின்னாடி வந்த நியூலைனை அது தனியா படிச்சு, ஒரு செகண்ட் காத்திருந்து, நம்பர் எதுவும் கிடைக்காம பூஜ்யம்னு சொல்லுதுன்னு அர்த்தம்.

கடைசியா ஒண்ணு. டேபிள்ல யூஎஸ்பில எல்லாம் அருமையா ஓடி, பேட்டரில மாட்டின உடனே மெசேஜ் விட்டு விட்டு வர ஆரம்பிச்சா, மறுபடி கரண்டுக்கே வாங்க. 9 வோல்ட் சதுர பேட்டரி திடீர்னு அதிக கரண்ட் தர முடியாத ஆளு, ரேடியோ அனுப்பும்போது இல்ல மோட்டார் சுத்த ஆரம்பிக்கும்போது வோல்டேஜ் விழுந்து போர்டு ரீசெட் ஆகும். கண்டுபிடிக்க சுலபம், செட்டப் ஃபங்ஷன்ல ஸ்டார்ட்னு ஒரு வரி ரேடியோ வழியா அனுப்ப வைங்க. ஓடிட்டிருக்கும்போது நடுவுல அந்த வரி மறுபடி மறுபடி வந்துச்சுன்னா போர்டு ரீசெட் ஆகுது, அப்போ மோட்டாருக்குத் தனி பேட்டரி, போர்டுக்கும் மாடியூலுக்கும் தனி பேட்டரி கொடுங்க, கிரவுண்டை மட்டும் ஒண்ணா இணைச்சுடுங்க.